தட்டு மெல்ல மாறட்டும், நடை நிற்காதிருக்கட்டும்

எங்கள் புறநோயாளர் பிரிவில் பலரிடம் கண்டவற்றை ஒருவரின் கதையாக்கி இங்கே சொல்கிறோம். அவர் காட்டூரில் வசிப்பவர்; தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்; வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்னும் இரு மாத்திரைகளை உட்கொள்கிறார். காலையில் அரை மணி நேரம் நடக்கும் நல்ல வழக்கமும் உண்டு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் அளவு கூடியிருந்ததைக் கண்டு மனம் வருந்தி, அடுத்த திங்கட்கிழமை முதல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினார். சோறு இல்லை, இட்லி இல்லை, காப்பியில் சர்க்கரை இல்லை. காலையில் வெந்தய நீர், நண்பகலில் கீரையும் காயும், இரவில் ஒரு கிண்ணம் சூப். அரை மணி நேர நடையையும் ஒரு மணி நேரமாக்கினார். மாத்திரைகள் மட்டும் பழைய அளவிலேயே இருந்தன.

நான்காம் நாள் காலை, தஞ்சாவூர்ச் சாலையோரம் நடந்துகொண்டிருந்தபோது உடல் வியர்த்தது, கை நடுங்கியது, கண் இருண்டது. தேநீர்க் கடைக்காரர் பெஞ்சில் அமரவைத்துச் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுத்ததனால் பெருந்துன்பம் நேரவில்லை. ஆனால் அதன் பின்னர் நடந்ததுதான் எங்களுக்குக் கவலை தந்தது. மூன்றாம் வார இறுதியில் பழைய தட்டு திரும்பிவிட்டது. மீண்டும் மயக்கம் வருமோ என்னும் அச்சத்தில் நடையையும் அவர் நிறுத்திவிட்டார். தொடங்கும்போது அவரிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது; முடிவில் அதுவும் இல்லை.

அவருடைய நோக்கத்தில் குறை காண எங்களுக்கு மனமில்லை. பிழை வேகத்தில் இருந்தது. உடற்பயிற்சியை விடாமல் உணவைப் படிப்படியாக மாற்றுவது எவ்வாறு என்பதே இம்மாதப் பாடம்.

‘தூய உணவு’ என்ற சொல்லை இப்போது எங்கும் கேட்கிறோம். விலையுயர்ந்த பொட்டலங்களில் அச்சிட்டு விற்கப்படும் சொல்லாகவும் அது மாறிவிட்டது. நாங்கள் அதனை எளிய பொருளிலேயே கொள்கிறோம். தோட்டத்திலிருந்தும் வயலிலிருந்தும் வந்த உருவம் அதிகம் சிதையாத உணவு. தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை, உப்பு, பொரித்த எண்ணெய் ஆகியவை குறைந்த உணவு. இதற்குத் தனிக் கடை தேவையில்லை. பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பை நிறைய வாங்கிவிடலாம். அவரைக்காய், புடலங்காய், முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, முட்டை, சிறுமீன் போன்றவையே நாங்கள் சொல்லும் தூய உணவு.

இவ்வாறு சிறிது சிறிதாக மாற்றுவதால் உண்மையில் பயன் உண்டா என்று பலர் கேட்பதுண்டு. விடையைத் தேடி அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்திய இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006ஆம் ஆண்டு வெளியாயின. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும் வழங்கப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு உணவு மாற்றமும் நடையும் கற்றுத்தரப்பட்டு, தொடர்ந்து ஊக்கமளிக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும், நான்காம் பிரிவினருக்கு இரண்டும் தரப்பட்டன. மூன்றாண்டு அளவில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களுள் அது ஏறத்தாழ 39 விழுக்காடு மட்டுமே. மாத்திரை தந்த பயனும் ஏறக்குறைய அதே அளவினதே. இரண்டையும் சேர்த்தபோது கூடுதல் பயன் கிடைக்கவில்லை.

அவர்களுக்குச் சொல்லப்பட்டவை அரிய வித்தைகள் அல்ல. உட்கார்ந்தே வேலை செய்வோர் நாள்தோறும் அரை மணி நேரமாவது விரைந்து நடக்க வேண்டும். சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைக்க வேண்டும். நார்ச்சத்து மிகுந்தவற்றைச் சேர்க்க வேண்டும். அந்த ஆய்வில் எங்களை மிகவும் கவர்ந்த செய்தி வேறொன்று. பயன் பெற்றவர்களின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. எடை குறையாமலேயே நோய் தள்ளிப்போயிற்று. எடைக்கருவியின் முள் அசையவில்லை என்று இரண்டாம் மாதமே மனம் சோர்ந்து விட்டுவிடுவோர், இந்தச் செய்தியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

நோய் ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தா. ஆயினும் உணவும் நடையும் உடலில் வேலை செய்யும் வழி ஒன்றுதான். நடக்கும்போது சுருங்கி விரியும் கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினின் துணையை அதிகம் எதிர்பாராமல் தாமே இழுத்துக்கொள்கின்றன. பயிற்சி முடிந்த பிறகும் பல மணி நேரம், சிலருக்கு அடுத்த நாள் வரையிலும், இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்கிறது. உணவில் மாவுச்சத்து குறைந்தால் இரத்தத்தில் வந்து சேரும் சர்க்கரையும் குறைகிறது. ஒன்று வரவைக் குறைக்கிறது. மற்றொன்று செலவைக் கூட்டுகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் பெரிதாக மாற்றி, மாத்திரையை மட்டும் பழையபடி வைத்தால் கையிருப்பு தீர்ந்துபோகும். நம் காட்டூர் அன்பருக்கு நேர்ந்தது அதுவே. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் நாம் உண்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்துவிடுகின்றன. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இத்தகைய தாழ்சர்க்கரை அரிதாகவே நேரும்.

ஆகவே முதல் விதி இது: உணவு மாறும் வாரங்களில் பயிற்சியைக் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இப்போது 20 நிமிடம் நடப்பவர் 20 நிமிடமே நடக்கட்டும். இரண்டாம் விதி, மாற்றங்களை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுதல். மாத்திரையின் அளவை அவர் குறைக்க நேரிடலாம். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

இனி, எதிலிருந்து தொடங்குவது? குடிப்பவற்றிலிருந்து தொடங்குமாறு நாங்கள் கூறுகிறோம். திருச்சியில் காப்பியை விடச் சொன்னால் யாரும் மறுமுறை எங்களிடம் வரமாட்டார்கள். அது எங்களுக்கும் தெரியும். காப்பி இருக்கட்டும். நாளைக்கு மூன்று முறை, முறைக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்று கணக்கிட்டால் 30 கிராம் ஆகிறது. மாதத்திற்கு 900 கிராம். சர்க்கரையின் ஆற்றல் நாள் முழுவதுக்குமான உணவாற்றலில் 5 விழுக்காட்டுக்குள் இருப்பது நன்று என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயது வந்த ஒருவருக்கு அது ஏறத்தாழ 25 கிராம். பலகாரம் எதுவும் உண்ணாமலே நாம் அந்த எல்லையைக் காப்பியில் தாண்டிவிடுகிறோம். முதல் வாரம் இரண்டு டீஸ்பூன் ஒன்றரையாகட்டும், இரண்டாம் வாரம் ஒன்று, அடுத்து அரை. நாக்கு பழகிக்கொள்ளும். சர்க்கரைக்கு மாற்றாக நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவற்றைப் பயன்படுத்துவோர் ஏமாற வேண்டாம். இரத்தத்தில் அவையும் சர்க்கரையே.

அடுத்து, தட்டு. இதுவே கடினமான பகுதி. சற்று நின்று பேச வேண்டிய பகுதியும் இதுவே. காவிரியும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் நெல்லும் வாழையும் விளைவிக்கும் ஊர் இது. இங்கே சோற்றைக் குறைத்துக்கொள் என்பது வீட்டைவிட்டுப் போ என்பது போலக் காதில் விழுகிறது. சென்னையில் நகர்ப்புற மக்களிடையே நடந்த ஆய்வொன்று, அன்றாட உணவாற்றலில் சற்றேறக்குறையப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வருவதையும், அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசியே என்பதையும் காட்டியது. நம் வீட்டுத் தட்டும் வேறுபட்டிருக்கும் என்று தோன்றவில்லை. வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. எனவே சோற்றை நீக்கச் சொல்லவில்லை. தட்டில் அதன் இடத்தை மாற்றச் சொல்கிறோம்.

முதலில் எதையும் எடுக்காதீர்கள், சேருங்கள். இரண்டு வாரம் சோறு அப்படியே இருக்க, பொரியலையும் கூட்டையும் இருமடங்காக்குங்கள். முதலில் காயையும் பருப்பையும் உண்டு, பிறகு சோற்றுக்கு வாருங்கள். இவ்வரிசையில் உண்டால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை உயர்வு குறைகிறதென ஆய்வுகள் காட்டுகின்றன. வயிறும் பாதி நிறைந்திருக்கும். மூன்றாம் வாரத்தில் சோற்றில் அரைக் கரண்டி குறைந்தால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. அதற்கடுத்த இரு வாரங்களில் இன்னும் அரைக் கரண்டி. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, கால் பங்கு சோறு என்ற நிலையை அடைய மூன்று மாதம் ஆனாலும் தாழ்வில்லை.

நார்ச்சத்தையும் திடீரென்று ஏற்றினால் வயிறு உப்பும், வாயு சேரும், “இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்ற முடிவுக்கு மூன்றே நாளில் வந்துவிடுவீர்கள். குடலிலுள்ள நுண்ணுயிர்கள் பழகச் சில வாரங்கள் ஆகும். பயறுகளை இரவெல்லாம் ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு வேறு நீரில் வேகவையுங்கள். தண்ணீரும் போதுமான அளவு குடியுங்கள். நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

சிறுதானியங்களைப் பற்றி ஒரு சொல். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததற்குப் பின்னர், சாமையும் தினையும் வரகும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன, நல்லது. ஆனால் அவற்றிலும் மாவுச்சத்தின் அளவு அரிசியைவிட மிகக் குறைவன்று. உமி நீக்கி வெள்ளையாகத் தீட்டிய சாமை தன் நார்ச்சத்தில் பெரும்பகுதியை ஆலையிலேயே விட்டுவிட்டு வருகிறது. நைசாக அரைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி சர்க்கரையை விரைந்து ஏற்றும்; முருங்கைக்கீரை சேர்த்துத் தட்டிய கேழ்வரகு அடை அதைவிட மெதுவாகவே ஏற்றும். எனவே “தானியம் மாறிவிட்டது, இனி அளவு பார்க்க வேண்டாம்” என்பது சரியன்று. கைக்குத்தல் அரிசியோ மாப்பிள்ளைச் சம்பாவோ விரும்புவோர், வழக்கமான அரிசியில் கால் பங்கு கலந்து தொடங்கலாம். வேகும் நேரம் வேறாதலால் தனியே ஊறவைத்துச் சமைப்பது நன்று.

வாழை இந்த ஊரின் பெருமை. 1993இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமே திருச்சிக்கு அருகில் தாயனூரில் இயங்கி வருகிறது. சர்க்கரை நோயாளிகள் வாழைப்பழமே உண்ணக்கூடாது என்று அஞ்ச வேண்டியதில்லை. சிறிய பூவன் ஒன்றை உணவோடு சேர்க்காமல் இடைவேளையில் உண்பது வேறு. விருந்துக்குப் பின் இரண்டு கற்பூரவள்ளி உண்பது வேறு. தண்டும் பூவும் நார்ச்சத்து நிறைந்தவை. நறுக்கும் சலிப்பைத் தவிர அவற்றில் எங்களுக்குக் குறை தெரியவில்லை.

எண்ணெய்க்கு ஓர் எளிய கணக்கு உண்டு. மாதச் சாமான் பட்டியலைப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மூன்று லிட்டர் செலவானால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 மில்லிலிட்டர். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் அளவில் நிற்பது நல்ல இலக்கு. அடுத்த மாதம் கால் லிட்டர் குறைத்து வாங்குங்கள். இருப்பதைக் கொண்டு சமைக்கும் சாமர்த்தியம் நம் வீடுகளுக்குப் புதிதன்று. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். அது ஒரு டீஸ்பூன் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைத் தின்பண்டம் எல்லாம் அந்த ஒரு டீஸ்பூனுக்குள் அடங்க வேண்டும். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் உப்புதான்.

பயிற்சிக்கு வருவோம். வாரத்திற்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. நடை போதும் என்று பலர் எண்ணுகின்றனர். உணவைக் குறைக்கும் காலத்தில் தசைப் பயிற்சி இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். முதியவர்களுக்கு அது தடுமாறி விழுவதில் போய் முடியும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது பத்து முறை, சுவரில் கைகளை ஊன்றி முன்சாய்ந்து தள்ளுவது பத்து முறை, குதிகாலை உயர்த்தி நிற்பது பத்து முறை. மூச்சை அடக்காமல், பேச இயலும் அளவில் செய்யுங்கள். விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கண் மருத்துவரைக் கேட்ட பின்னரே எடை தூக்கலாம். தசை வளரப் புரதம் வேண்டும். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.8 கிராமுக்குச் சற்று மேலாகப் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் உண்டு என்பதை நினைத்தால், சாம்பாரில் மிதக்கும் நான்கு பருப்பு போதாது என்பது விளங்கும். மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் நல்ல துணை.

நடக்கும் நேரமும் இடமும் முக்கியம். இருள் விலகுமுன் தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் நடக்க வேண்டாம், உட்தெருக்களே போதும். சித்திரை, வைகாசி மாதங்களில் ஏழு மணிக்கெல்லாம் வெயில் சுடத் தொடங்கிவிடும் இவ்வூரில், நடையை விடியலோடு முடித்துக்கொள்ளுங்கள், அல்லது வீட்டுக்குள்ளேயே இரவு உணவுக்குப் பின் 15 நிமிடம் நடங்கள். உணவுக்குப் பிந்தைய இக்குறுநடை சர்க்கரையைக் குறைப்பதில் மிகவும் உதவுகிறது. திருவரங்கத்தில் சித்திரை வீதி, உத்திர வீதிகளைச் சுற்றி வருவதைப் பயிற்சியாகக் கொண்ட அன்பர்கள் பலர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் உச்சி வெயிலில் கோயில் கல்தளத்தில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். சுட்டது தெரியாது, கொப்புளம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். தரிசனத்தைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். வைகுண்ட ஏகாதசிக்கு உபவாசம் இருப்போரும், ரமலான் நோன்பும் தவக்கால நோன்பும் நோற்போரும் சில வாரங்களுக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு மருந்து நேரத்தை மாற்றிக்கொள்வது அவசியம். புளியோதரைக்கும் அக்காரவடிசிலுக்கும் நாங்கள் பகைவரல்லர். பிரசாதம் பிரசாத அளவில் இருந்தால் போதும்.

தாழ்சர்க்கரை வந்தால் செய்ய வேண்டியதை வீட்டில் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, பேச்சுக் குழறல் ஆகியவை அடையாளங்கள். கருவியில் 70க்குக் கீழ் காட்டினால், கருவி இல்லாவிட்டால் ஐயம் எழுந்தவுடனேயே, மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தேறியதும் இட்லியோ பிஸ்கட்டோ உண்ணச் செய்யுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். நடக்கச் செல்பவரின் சட்டைப் பையில் சிறு குளுக்கோஸ் பொட்டலமும், நோயின் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டும் இருக்கட்டும். நடக்கையில் நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கும் கைக்கும் பரவும் வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் நடையை அங்கேயே நிறுத்தி, அதே எண்ணை அழையுங்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்கு மேற்சொன்ன தட்டு அப்படியே பொருந்தாது. கீரை, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம் அவர்களின் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். புரதத்துக்கும் அவர்களுக்குத் தனி அளவு உண்டு. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பனையாவதிலும் பொட்டாசியம் இருப்பதால் கேட்காமல் வாங்க வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையைத் திடீரெனக் கூட்டவும் குறைக்கவும் கூடாது; ஒரே அளவாக உண்டு, பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.

இறுதியாக, சமைப்பவரிடம் ஒரு சொல். நோயாளிக்கு ஓர் அடுப்பு, மற்றவர்களுக்கு ஓர் அடுப்பு என்று தொடங்கிய வீடுகளில் அது இரண்டு மாதம் நிலைத்ததாக எங்கள் நினைவில் இல்லை. எண்ணெயும் உப்பும் குறைந்த ஒரே குழம்பு எல்லோருக்கும் வைத்தால் நோயாளி தனிமைப்படமாட்டார். பல வீடுகளில் சமைப்பவருக்கே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மூன்று மணிக்கு மிஞ்சிய சோற்றை மிஞ்சிய குழம்போடு உண்பவர் அவர். காயெல்லாம் அதற்குள் தீர்ந்திருக்கும். அம்மாவோ மனைவியோ மருமகளோ, அவருடைய தட்டில் பொரியல் இருக்கிறதா என்று வீட்டில் யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். அவர் நடந்துவிட்டு வரும் அந்த அரை மணி நேரத்துக்கு அடுப்பை மற்றொருவர் ஏற்க வேண்டும்.

அடுத்த முறை எங்களைக் காண வரும்போது ஒரு சிறு குறிப்பேட்டில் மூன்று விவரங்களை எழுதி வாருங்கள்: இந்த இரு வாரங்களில் மாற்றிய ஒரே ஒரு பொருள், நடந்த நாட்களின் எண்ணிக்கை, நடுக்கமோ மயக்கமோ வந்த நேரம். மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுவாருங்கள். உணவியல் ஆலோசகரைக் காணச் சமைப்பவரும் உடன் வருவது நல்லது.